ஒரு மணி நேரம் ஓசி

திரையில் அந்த வரி அப்படியே நின்றது. நடத்துபவர் சற்று நேரத்தில் உங்களை உள்ளே அழைப்பார், காத்திருக்கவும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, அதன் பக்கத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு சின்ன வட்டம். சுற்றட்டும். திலகவதி நேராகத்தான் உட்கார்ந்திருந்தாள். எந்த நொடியில் கதவு திறந்து வெள்ளைக்கார முகங்கள் எட்டிப் பார்க்கும் என்று சொல்ல முடியாது, அப்போது கூன் போட்டுக்கொண்டு இருந்தால் நன்றாக இருக்காது. கஞ்சி போட்ட பருத்திச் சேலை, தோளில் வரிசையாக ஊக்கு, காதில் சின்னத் தோடு. மடிக்கணினி கண் மட்டத்துக்கு வர வேண்டும் என்று அடியில் ஏதாவது வைக்கப் பார்த்தபோது சரியான உயரத்தில் வீட்டில் இருந்தவை அவளுடைய முனைவர் பட்ட ஆய்வேட்டின் பிரதிகள்தான். கறுப்பு அட்டை, பொன் எழுத்து, பல்கலைக்கழகம் கேட்டது போக மிச்சமானவை. இத்தனை வருஷத்தில் இவை செய்த உருப்படியான முதல் வேலை இதுதான் என்று காலையில் நினைத்துச் சிரித்தாள். இப்போது சிரிப்பு வரவில்லை. மணி ஒன்றரை தாண்டிவிட்டது. எவ்வளவு தாண்டியிருக்கிறது என்று பார்க்கக் கூடாது என்று வைத்திருந்தாள், பார்த்தால்தான் நேரமாகும், பார்க்காத வரைக்கும் அது ஒன்றரைதான். அங்கே காலை பத்து மணி என்று மின்னஞ்சலில் போட்டிருந்தார்கள். ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர். பட்டம் வாங்கியும் வேலை நிலைக்காமல் அலைகிற வரலாறு, மொழி, தத்துவக்காரர்களைப் பொறுக்கி எடுத்து மூன்று மாதம் கூட்டிப்போய் வைத்துக்கொள்கிற திட்டம். தங்க ஓர் அறை, சாப்பாட்டுக்குக் காசு, பழைய பாதிரிமார்களின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் அடுக்கிய நூலகம், படிப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. படிப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. விதிமுறைகளில் அதை முதல் தடவை படித்தபோது நோயாளிக்கு டாக்டர் முழு ஓய்வு என்று எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது அவளுக்கு, அப்படி ஒரு நோய் தனக்கு இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. பட்டம் வாங்கி இத்தனை ஆண்டுக்குள் என்று ஒரு வரம்பும் வைத்திருந்தார்கள். அடுத்த வருஷம் அவள் அந்த வரம்புக்கு வெளியே போய்விடுவாள். இந்தத் தடவை இல்லையென்றால் பிறகு இல்லை.

வீடு அமைதியாக இருந்தது. இந்த அமைதிக்காக அவள் போன வாரம் முழுக்க ஊரெல்லாம் பிச்சை எடுத்திருந்தாள். கீழ்வீட்டு உரிமையாளர் அம்மாவிடம் போய், திங்கட்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம் மட்டும் மோட்டார் போடாதீங்கம்மா, வெளிநாட்டுல இருந்து கம்ப்யூட்டர்ல பேசுறாங்க என்று நின்றாள். அந்த அம்மா கண்ணாடியை இறக்கிப் பார்த்து, வேலைக்காம்மா என்றார். இல்லம்மா, ஆராய்ச்சிக்கு, படிக்க என்றாள் இவள். இன்னுமா என்றார் அந்த அம்மா. கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எதிர்வீட்டுப் பையன்களிடம் தீபாவளியில் மிச்சமான வெடி இருந்தது, அவர்களுக்குச் சாக்லேட் லஞ்சம் கொடுத்தாயிற்று. எல்லாம் சரி, காலையில் பார்த்தால் கலெக்டர் மழை விடுமுறை விட்டுவிட்டார். வாத்தியாரான கணவன் செல்வபாண்டி, இரண்டாம் வகுப்பு படிக்கிற சுடர், மாமியார் சீனியம்மாள், மூன்று பேரும் வீட்டில். ஐப்பசி மழை இந்தத் திருநகர்ப் பக்கம் பெயருக்குத்தான் தூறிக்கொண்டிருந்தது, அதற்கு ஒரு விடுமுறை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் செல்வபாண்டியே, நாங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டு வந்துர்றோம், ஒரு மணி நேரம் போதுமா என்றான். போதும் என்றாள். போதும் போதும். மாமியார் படி இறங்கும்போது திரும்பி நின்று, நீ நல்லாப் பேசு தாயி, பேசி முடிச்சதும் உளுந்து ஊறிக் கெடக்கு, கிரைண்டர்ல போட்டு விட்ரு, வந்து பாத்துக்கிர்றேன் என்றாள். அத்தைக்கு மாவு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுத்தல் கிடையாது. ஓடுகிற கிரைண்டரை அவள் நடுவில் நிறுத்தி யாரும் பார்த்ததில்லை. சொந்த மகளுக்கு இடுப்பு வலி கண்டுவிட்டது என்று போன் வந்த அன்றைக்கும், உளுந்து பந்தாகப் பொங்கி வந்து, வழித்து எடுத்து, கல்லைக் கழுவி வைத்த பிறகுதான் செருப்பை மாட்டினாள். பாதியில நிப்பாட்டினா கல்லாயிரும்டா, புள்ளை எங்க போயிரப் போகுது என்று மகனிடம் சொன்னாளாம். பிள்ளையும் எங்கும் போகவில்லை, அத்தை ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் பிறந்தது.

வட்டம் சுற்றியது. ஒருவேளை முந்தைய ஆளிடம் பேச்சு நீண்டுபோயிருக்கும். முந்தைய ஆள் யாராக இருக்கும், கல்கத்தாவாக இருக்கும், டெல்லியாக இருக்கும், அவர்களுக்கெல்லாம் பேச்சு நன்றாக வரும், சிரித்துக்கொண்டே பேசுவார்கள், நடுவில் ஜெர்மன் சொல் ஒன்றைச் செருகுவார்கள். கிறிஸ்துதாஸுக்கும் அப்படித்தான். போன வருஷம் இதே ஊருக்கு, இதே திட்டத்தில் போய் வந்தவன் அவன். ஆய்வு மாணவர் காலத்தில் அவளுக்கு இளையவன், அக்கா அக்கா என்று சுற்றி வந்து அவளுடைய அடிக்குறிப்புகளைப் பார்த்துத் தன் அடிக்குறிப்புகளைத் திருத்திக்கொண்டவன். இந்தச் சுற்றுவட்டத்து அரசுக் கல்லூரி ஒன்றில் இருவரும் கௌரவ விரிவுரையாளர்கள். கௌரவம் என்றால் ஒரு வருஷம் இருக்கும், அடுத்த வருஷம் இருக்குமா என்று ஜூன் மாதம் நோட்டீஸ் போர்டில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். போன வருஷத் தீபாவளி நேரத்தில் அங்கிருந்து கூப்பிட்டான். அடுப்பில் பால், காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன், கையில் பாதி ஆய்ந்த கொத்தமல்லி. அக்கா, இங்க ஒருத்தரும் எதுவும் கேக்க மாட்டேங்கிறாங்க, காலையில போய் உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் நம்ம பேரைச் சொல்லிக் கூப்பிட ஆளே இல்ல, முதல் வாரம் எனக்கு அழுகையே வந்துருச்சு என்றான். அவளுக்கும் கண் நிறைந்தது, ஆனால் அது வேறு காரணத்துக்காக. பிறகு சிரித்துக்கொண்டே சொன்னான், நேத்து ராத்திரி பாருங்கக்கா, ஊருக்கே ஒரு மணி நேரம் ஓசி குடுத்தாங்க, இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கினேன். ஓசியா, எப்படிடா என்று கேட்கத்தான் வாயெடுத்தாள், அதற்குள் அத்தை, பாலு பாலு என்று கத்த, அப்புறம் கூப்பிடறேன்டா என்று வைத்துவிட்டாள். அப்புறம் கூப்பிடவில்லை. ஒரு மணி நேரம் ஓசி. வேடிக்கைக்குச் சொன்னானோ, ஏதாவது சொற்பொழிவு ரத்தாகிப் போனதைச் சொன்னானோ. ஆனால் அந்தச் சொல் மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. பாத்திரம் கழுவும்போது, பேருந்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போது, விடைத்தாள் திருத்தும்போது அது எழுந்து வரும். அங்கே நேரத்தைக்கூடச் சும்மா கொடுக்கிறார்கள். இங்கே குளிக்கிற நேரத்துக்கும் கதவைத் தட்டி, அம்மா என் நீல ரிப்பன் எங்கே.

பார்க்கக் கூடாது என்று வைத்திருந்ததைப் பார்த்துவிட்டாள். ஒன்று ஐம்பது. சரி, ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம். நான் காத்திருக்கிறேன் என்று எழுதி, அதற்கு முன்னால் மன்னிக்கவும் சேர்த்து, பின்னால் தொந்தரவுக்கு மன்னிக்கவும் சேர்த்து, படித்துப் பார்த்து, என் பக்கத்தில் இணையக் கோளாறாக இருந்தால் அதற்கும் மன்னிக்கவும் என்று இன்னொன்றைச் செருகி அனுப்பினாள். பதில் இல்லை. பதில் எப்படி வரும், உள்ளே மும்முரமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். அல்லது அவளுடைய விண்ணப்பத்தைக் கடைசியாக ஒரு தடவை புரட்டி, இது எதற்கு என்று ஓரமாக வைத்திருப்பார்கள். விண்ணப்பத்தில் ஒரு வரி இருக்கிறது. அனுப்பிய அன்றே அது முள்ளாகக் குத்தியது. தேர்வானால் தொடர்ந்து மூன்று மாதம் தங்குவீர்களா என்ற கேள்விக்கு, ஆம் என்று ஒரு சொல் எழுத வேண்டிய இடத்தில், சூழ்நிலை அனுமதித்தால் மகிழ்ச்சியுடன் என்று எழுதிவைத்தாள். மரியாதையாக இருக்கட்டுமே என்று. நாலு பேர் இருக்கிற வீட்டில் வாழ்கிறவர்கள் அப்படித்தானே எழுதுவார்கள், எனக்கு இது வேண்டும் என்று பச்சையாக எழுதினால் தப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்று கை தானாகவே பணிந்துகொண்டது. வீட்டிலும் இதே கதைதான். கிடைச்சாப் பாக்கலாம். செல்வபாண்டி கேட்டபோது கிடைச்சாப் பாக்கலாம். அத்தை கேட்டபோது கிடைச்சாப் பாக்கலாம் அத்தை. சுடர், நீ போறியாம்மா என்று கேட்டபோது கிடைச்சாப் பாக்கலாம்டா, சாப்பிடு. போகணும் என்று இந்த வீட்டுச் சுவர்களுக்கு நடுவில் அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை, அதுதான் இதில் மோசம். இரண்டு வருஷம் முன்னால் பாண்டிச்சேரியில் ஒரு கருத்தரங்கு, இரண்டே நாள். இரண்டாம் நாள் காலையில் சுடருக்குக் காய்ச்சல், மத்தியானம் டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். அவள் பேருந்து மாறி மாறி வந்து சேர்ந்தபோது குழந்தை கையில் ஊசியோடு தூங்கிக்கொண்டிருந்தது. நாற்காலியில் அத்தை, சன்னல் பக்கம் செல்வபாண்டி. வந்துட்டியா என்றான். சாப்பிட்டியா தாயி என்றாள் அத்தை. அவ்வளவுதான். ஒருவர்கூட ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை, இன்று வரைக்கும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம், கொசுவை நானா கூட்டிட்டு வந்தேன் என்று கேட்டிருக்கலாம். சாப்பிட்டியா என்றால் என்ன கேட்பது. அன்றிலிருந்து வெளியூர்க் கருத்தரங்கு அழைப்புகளைப் படிக்காமலே அழித்துவிடுவாள். இரண்டு நாளுக்கே டெங்கு என்றால் மூன்று மாதத்துக்கு என்ன. அவளுக்கே தெரியும், இது பைத்தியக்காரக் கணக்கு. தெரிந்தும் மனசு அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டேதான் இருந்தது.

கீழே யாரோ வாளியை வைத்தார்கள். தூறல் நின்று மறுபடி பிடித்தது. ஊக்கு ஒன்று தோளில் குத்திக்கொண்டே இருந்தது, கழற்றிக் குத்தலாம், ஆனால் அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தால். இவளுடைய ஆய்வே நேரத்தைப் பற்றித்தான். மதுரையில் கடிகாரம் எப்படி வந்தது, யாருடைய மணிக்கு யார் எழுந்தார்கள், பாதிரியார் பள்ளியின் மணி, ரயில்வே மணி, மில் சங்கு. அவளுடைய அப்பா மில் தொழிலாளி, அந்தச் சங்குக்கு எழுந்தவர், பிறகு மில்லை மூடிய பின்னாலும் அதே நேரத்துக்கு எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் பல் விளக்கியவர். அதில் ஆரம்பித்ததுதான் ஆய்வு. ஐந்தாவது அத்தியாயம் அவளுக்கே பிடித்த அத்தியாயம். யுத்த காலத்தில் சர்க்கார் இந்தியா முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தது. வயதான ஒரு தொழிலாளியைத் தேடிப்போய்ப் பேட்டி எடுத்தாள். நாங்க எப்பவும் போல வெளிச்சத்தைப் பாத்துக் கெளம்பிப் போறோம், கேட்டைச் சாத்திட்டான், நேரமாயிருச்சுங்கிறான், நாங்க சரியாத்தானே வந்தோம், நிக்கிறோம் நிக்கிறோம், வாட்ச்மேன் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான் என்றார் அவர். சரியாக வந்தவர்கள் வெளியே நின்றார்கள் என்று அந்த அத்தியாயத்துக்குத் தலைப்பு வைத்தாள். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் அதைப் பாராட்டினார். பாராட்டி என்ன, அந்தத் தலைப்பு இப்போது மடிக்கணினிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு கிடக்கிறது, அவளும் சரியாக வந்து வெளியே நிற்கிறாள். நிற்கிறோம், நிற்கிறோம். கழுத்து வலித்தது. நேராக உட்கார்வதை எப்போது விட்டாள் என்று தெரியவில்லை, முதுகு தானாகத் தளர்ந்து நாற்காலியில் சாய்ந்திருந்தது. வரமாட்டார்கள். இனி வரமாட்டார்கள் என்று நன்றாகத் தெரிந்துவிட்டது. அந்த வட்டம் நாளைக் காலை வரைக்கும் சுற்றும், அதற்கென்ன, அதற்குச் சம்பளமா சாப்பாடா.

அப்போது ஒன்று நடந்தது. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. சுவரில் சாய்ந்து காலை நீட்டின மாதிரி, ஹப்பாடா என்று இருந்தது. போக வேண்டாம். விசாவுக்குச் சென்னையில் போய்க் கால் கடுக்க நிற்க வேண்டாம். குளிருக்குக் கோட்டு யாரிடம் கேட்பது என்று யோசிக்க வேண்டாம். சுடருக்கு யார் தலை பின்னுவது, செல்வபாண்டி பின்னினால் அது கயிறு திரித்த மாதிரி இருக்கும், அந்தக் கவலை வேண்டாம். யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம், முக்கியமாக அது வேண்டாம். அவர்களே கூப்பிடவில்லை, நான் என்ன செய்ய என்று சொல்லிவிடலாம், யார் மேலும் பழி இல்லை, கதை முடிந்தது. சேலையை உருவிப் போட்டாள், ஊக்கு ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தது, பொறுக்கவில்லை. நைட்டியை மாட்டினாள். இறுக்கிக் கட்டிய தலையை அவிழ்த்து எண்ணெய் தேய்த்துக்கொண்டாள், மண்டை கொதித்துக்கொண்டிருந்தது. திரையை மட்டும் மூடவில்லை. மூடினால் தானாக விட்டுக்கொடுத்த மாதிரி ஆகும், கிடக்கட்டும். அடுப்படிக்குப் போய்க் கிரைண்டரில் உளுந்தைப் போட்டு, ஐஸ் தண்ணீர் தெளித்துச் சுவிட்சைத் தட்டினாள். அந்தச் சத்தம் எழுந்து வீடு முழுக்க நிறைந்தது. இவ்வளவு நேரம் காத்து வைத்த அமைதியைத் தன் கையாலேயே உடைத்தாள், அதில் ஒரு கெட்ட சந்தோஷம்கூட இருந்தது. கல் சுற்ற, உளுந்து ஒதுங்கி ஓரத்தில் ஏற, விரலால் தள்ளிவிட்டுக்கொண்டு நின்றாள். நல்லதுதான். எல்லாம் நல்லதுக்குத்தான். நிம்மதிதான். உளுந்தைத் தள்ளிய கையாலேயே கண்ணைத் துடைத்து, எண்ணெயும் உளுந்தும் கண்ணில் பட்டு எரிந்து, குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்தாள். நிம்மதியாவது மண்ணாவது. அவளுக்குப் போக வேண்டும். யாரும் பேர் சொல்லிக் கூப்பிடாத அந்த மேசையில் உட்கார்ந்து, செத்துப்போன ஒரு பாதிரியார் காலை மணி அடிக்க ஆள் கிடைக்காமல் புலம்பி எழுதிய கடிதத்தைச் சாயங்காலம் வரைக்கும் எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டும். படித்தே ஆக வேண்டும். அந்த ஆசை இவ்வளவு பெரிதாக உள்ளே கிடந்தது என்று, அது கையைவிட்டுப் போன பிறகா தெரிய வேண்டும்.

படியில் செருப்புச் சத்தம். சுடர்தான் முதலில் ஓடி வந்தாள், கையில் செல்வபாண்டியின் அக்கா வீட்டு முறுக்கு. என்னம்மா நைட்டி போட்டுட்ட என்றாள். செல்வபாண்டி குடையை மடக்கிக்கொண்டே அடுப்படி வாசலில் நின்றான்.

"முடிஞ்சுதா? எப்படிப் போச்சு?"

"கூப்பிடவே இல்லங்க. உக்காந்தே இருந்தேன்."

அவன் குடையைச் சுவரோரம் வைத்தான். வைத்து நிமிரும்போது அவன் முகம் லேசாகத் தளர்ந்ததை அவள் பார்த்தாள். கெட்டவன் இல்லை, அவனுக்கே அது தெரிந்திருக்காது. பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்த அத்தையின் முகத்திலும் அதே தளர்ச்சி. மூட்டையை இறக்கி வைத்த மாதிரி. சற்று முன்னால் தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்ததும் அவளுக்குத் தன்னையும் சேர்த்து மூன்று பேர் மேலும் ஒரே அளவில் கோபம் வந்தது.

"சரி விடு தாயி, எல்லாம் நல்லதுக்குத்தான். உளுந்து போட்டுட்டியா, தள்ளு, நான் பாக்குறேன்," என்று அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிரைண்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

செல்வபாண்டி அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினான். தேடி, சிரித்துக்கொண்டே சொன்னான். "போனாப் போகுது திலகா. உனக்கு ஒரு மணி நேரம் ஓசியில கிடைச்சுதுல்ல. நாங்க யாரும் இல்லாம நிம்மதியா இருந்திருப்ப."

ஒரு மணி நேரம் ஓசி. அவள் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஓசி. நேத்து ராத்திரி ஊருக்கே ஒரு மணி நேரம் ஓசி குடுத்தாங்க. தீபாவளி நேரத்தில். ஐப்பசியில். இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கினேன். ராத்திரி. ராத்திரியில் எந்தச் சொற்பொழிவு ரத்தாகும், ராத்திரியில் ஊருக்கே எப்படி ஒரு மணி நேரம் கொடுப்பார்கள், கடிகாரத்தைத் திருப்பி வைத்தால்தான் கொடுப்பார்கள். கோடையில் முன்னால் தள்ளி வைத்ததைக் குளிர் தொடங்கும்போது பின்னால் இழுத்து வைக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை, நேற்று. மூன்றரை மணி நேர வித்தியாசம் என்று ஆகஸ்டில் விண்ணப்பம் அனுப்பும்போது கணக்குப் போட்டு, அதையே பிடித்துக்கொண்டு, காலண்டரில் ஒன்றரை என்று வட்டம் போட்டு, நேற்றிலிருந்து அந்த வித்தியாசம் நாலரை மணி நேரம், அங்கே பத்து என்றால் இங்கே இரண்டரை. அங்கே பத்து மணி இன்னும் ஆகவே இல்லை. கடிகாரத்தைத் தள்ளி வைத்ததைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதின கழுதை நீ என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள். என்ன என்றான் செல்வபாண்டி. சுவர்க் கடிகாரத்தில் இரண்டரைக்கு இரண்டு நிமிஷம் இருந்தது.

"அத்தை, கிரைண்டரைக் கொஞ்சம் நிறுத்துங்க, இப்பத்தான் கூப்பிடப் போறாங்க, நான் தப்பாப் பாத்துட்டேன்."

"இப்பத்தான் தாயி பொங்க ஆரம்பிக்குது. பாதியில நிப்பாட்டினா கல்லாயிரும். நீ கதவைச் சாத்திக்க."

கதவைச் சாத்தினாள். மழைக்கு ஊறிப் பருத்த கதவு, பாதி வந்து நின்றுகொண்டது. சேலைக்கு நேரமில்லை. கொடியில் கிடந்த துப்பட்டாவை எடுத்து நைட்டி மேல் போட்டு, இரு பக்கமும் இழுத்துவிட்டு, எண்ணெய்த் தலையைக் கையாலேயே வாரி முடிந்து உட்கார்ந்தபோது வட்டம் சுற்றுவதை நிறுத்தியது. திரை திறந்தது. மூன்று பேர். நடுவில் நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிய ஓர் அம்மாள், கையில் காப்பிக் கோப்பை. காலை வணக்கம் சொல்லிவிட்டு, இப்போதுதான் உங்கள் மின்னஞ்சலைப் பார்த்தேன், ஒரு மணி நேரமாகக் காத்திருக்கிறீர்களா, ஐயோ என்று நல்ல ஆங்கிலத்தில் வருத்தப்பட்டார். பரவாயில்லை என்றாள் திலகவதி. மன்னிக்கவும் என்று தொடங்கி, எதற்கு என்று யோசித்து, விட்டுவிட்டாள். பின்னால் கிரைண்டர் கடகடத்தது. அது என்ன சத்தம் என்று வலப்பக்கத்து ஆள் கேட்கவில்லை, ஆனால் காதில் ஹெட்போனைச் சரிசெய்துகொண்டார். ஐந்தாவது அத்தியாயத்தைப் பற்றிக் கேட்டார்கள். அவள் சொன்னாள். சத்தத்துக்கு மேல் பேச வேண்டியிருந்ததால் குரலை உயர்த்தினாள், வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கப் பேசுகிற குரல் தானாக வந்தது, அது நன்றாகவே இருந்தது. சாத்திய கேட்டுக்கு வெளியே நின்ற தொழிலாளியைச் சொன்னாள். சரியாக வந்து வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது என்று சொல்ல, மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். பாதிக் கதவு வழியாகச் சுடர் எட்டிப் பார்த்தாள், அவள் தோளைப் பிடித்து இழுக்க வந்த செல்வபாண்டி இழுக்காமல் அங்கேயே நின்றான். நரைத்த தலை அம்மாள் ஒரு தாளைப் புரட்டினார். எனக்கு ஒன்றுதான் கேட்க வேண்டும் என்றார். தங்குவது பற்றிய கேள்விக்குச் சூழ்நிலை அனுமதித்தால் என்று எழுதியிருக்கிறீர்கள். இடையில் ஊருக்குப் போய் வர முடியாது, மூன்று மாதமும் இங்கேதான். பலர் ஒப்புக்கொண்டுவிட்டுக் கடைசியில் வருவதில்லை, அந்த இடம் வீணாகிறது. அதனால் நேராகவே கேட்கிறேன். உங்களுக்கு வர வேண்டுமா.

கை நைட்டி மடிப்பைப் பிடித்துக்கொண்டது. கிடைச்சாப் பாக்கலாம் என்பதற்கு ஆங்கிலத்தில் எத்தனையோ அழகான வாக்கியம் இருக்கிறது, எல்லாம் வரிசையில் வந்து நின்றன. வாயைத் திறந்தாள். கிரைண்டர் சத்தத்துக்கு மேல் எழுப்பியிருந்த அதே குரலில், கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும் குரலில் வந்தது.

"எனக்குப் போகணும்."

தமிழில் சொல்லிவிட்டாள் என்பது அவளுக்கு உடனே தெரியவில்லை. திரையில் மூன்று பேரும் அடுத்ததாக ஏதோ வரப்போகிறது என்று பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதிக் கதவில் செல்வபாண்டி சுடரின் தோளில் கை வைத்தபடி நின்றான், அந்தக் கை அசையவில்லை. அவள் அவனைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், ஆங்கிலத்தில் சொல்ல மூச்சை இழுத்தாள்.

அடுப்படியில் அத்தை சுவிட்சைத் தட்டும் சத்தம், கிரைண்டர் நின்றது. உளுந்து இன்னும் முழுசாகப் பொங்கி வந்திருக்காது.